தூசி உண்ணி அலர்ஜிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை: திருகோணமலையில் எடுப்பவர்களுக்கான மதிப்பீடு

மருந்தின் பெயர் அக்காரிசாக்ஸ், 12 எஸ்கியூ (எஸ்கியூ என்பது மருந்தின் வலுவைக் குறிக்கும் அலகு). அமெரிக்காவில் ஒடாக்ட்ரா என்ற பெயரில் விற்பதும் இதே குளிசைதான். டென்மார்க்கின் ஏஎல்கே நிறுவனம் செய்கிறது. வீட்டுத் தூசி உண்ணியால் வரும் மூக்கு அலர்ஜிக்குக் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் அதோடு சேர்ந்து வரும் முட்டு வருத்தத்துக்கும் (ஆஸ்துமாவுக்கும்) கொடுக்கிறார்கள். குளிசைக்கு எங்கள் மதிப்பு ஐந்துக்கு நான்கு. லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வந்த பார்சலை உடைத்து, வீட்டு மேசையிலேயே முதல் குளிசையைப் போடும் பழக்கத்துக்குப் பூச்சியம். கீழே எழுதுவதெல்லாம் இந்த இரண்டு மதிப்புக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றியதுதான்.

மூக்கு ஸ்பிரேயும், தும்மலை அடக்கும் செற்றிரிசின் குளிசையும் எடுக்கும்வரை வருத்தத்தை அடக்கி வைக்கும். விட்டால் தும்மல் திரும்ப வந்துவிடும். இந்தக் குளிசை போகும் வழி வேறு. உடம்பு எதைக் கண்டு துள்ளுகிறதோ அதையே அளந்து, தினமும் கொடுத்துப் பழக்குகிறது. 1911இல் லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாக ஏற்றியதிலிருந்து இந்த வைத்தியத்தின் அடிப்படை இதுதான். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது: மருந்தும் அலர்ஜிப் பொருளும் ஒன்று. பிரித்தானியாவில் 1957 தொடக்கம் 1986 வரை இவ்வகை ஊசிகளால் 26 பேர் இறந்தது பதிவானது. விபரம் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே முட்டுக்காக ஊசி போட்டவர்கள். ஊசிக்குப் பிறகு காத்திருக்க வைப்பதும், கடும் அலர்ஜியில் உயிர் காக்கும் மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதன் பிறகு இறுக்கமான விதிகளாயின. நாக்கின் கீழ் வைக்கும் முறை ஊசியைவிடப் பாதுகாப்பானது. அதனால்தான் இரண்டாம் நாளிலிருந்து வீட்டில் எடுக்க விடுகிறார்கள். முதல் குளிசை மட்டும் வைத்தியருக்கு முன்னால்தான், அதற்கு விலக்குக் கிடையாது.

இந்த மருந்து நமது ஊருக்குப் பொருத்தமானதா? தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் சீவிக்கிறது. ஈரப்பதம் நீண்ட நாள் 50 வீதத்துக்குக் கீழே நின்றால் காய்ந்து சாகும். கடலை அண்டிய உவர்மலையிலோ உப்புவெளியிலோ அப்படிக் காய்வதற்கு அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மாரியில், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, இலவம் பஞ்சு மெத்தையும் தும்பு மெத்தையும் வெயிலைக் காணாமலே கிடக்கும். காலையில் எழும்பியதும் அடுக்கடுக்காகத் தும்மல், படுக்கை உதறும்போது மூக்கு ஒழுகுதல், அலுமாரியில் மடித்து வைத்த சேலையை எடுத்தவுடன் கண்கடி (கண் அரிப்பு) என்றால் உண்ணியைச் சந்தேகிக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் றோட்டுத் தூசிக்கு மட்டும் தும்முகிறவரின் கதை வேறு. அது பெரும்பாலும் மூக்கின் எரிச்சல். அவர் மூன்று வருடம் இந்தக் குளிசையை எடுத்தாலும் பலன் இராது.

ஆகவே முதலில் சோதனை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையின் முடிவு 15 முதல் 20 நிமிடத்தில் தெரிந்துவிடும்; அலர்ஜிப் பொருள் இல்லாத வெற்றுத் துளி விழுந்த இடத்தைவிடத் தடிப்பு 3 மில்லிமீற்றராவது கூட இருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன்பே பிரிற்றன், செற்றிரிசின், லோறற்றடின் போன்ற தும்மல் அடக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தடிமன் பாணிகளுக்குள்ளும் இவை ஒளிந்திருக்கும், லேபலைப் பாருங்கள். நிறுத்த முடியாதவர்களுக்கு இரத்தத்தில் ஐஜிஈ என்ற அலர்ஜிப் புரதத்தைப் பார்க்கலாம். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலர்ஜிச் சோதனை செய்கிறார்கள். வைத்தியரின் கடிதத்தோடு, திகதி கேட்டுக்கொண்டு போங்கள். சோதனை 'பொசிற்றிவ்' என்பதால் மட்டும் வைத்தியம் தொடங்குவதில்லை. சோதனை சொல்வதும் உங்கள் மூக்கு சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குளிசைக்கு நாங்கள் ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதற்குள் இருப்பவை இரண்டு உண்ணி இனங்கள், சம பங்கில்: டெர்மற்றோபகோயிடிஸ் டெரோனிசினஸ், டெர்மற்றோபகோயிடிஸ் பரினே. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் புளோமியா ட்ரொப்பிக்காலிஸ் என்ற மூன்றாவது இனமும் வீடுகளில் பெருவாரியாக இருக்கிறது. அது இந்தக் குளிசையில் இல்லை, மற்ற இரண்டோடும் அதற்குள்ள ஒற்றுமை குறைவு. உங்கள் அலர்ஜி முக்கியமாகப் புளோமியாவுக்கு என்றால் இந்தக் குளிசை குறி தப்பிய அம்பு. சோதனைத் தட்டில் புளோமியாவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எடுக்கக் கூடாதவர்கள் யார் என்பதைத்தான் பார்சல் அனுப்பும் மாமாவும் மச்சாளும் பார்ப்பதில்லை. முட்டு வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர் தொடங்கக் கூடாது. முட்டு வரும்போது இழுக்கும் நீல நிறப் பம்பைக் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேடுகிறீர்களா, இரவில் இழுப்பால் முழிக்கிறீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் முட்டுக்கு வைத்தியம், பிறகுதான் இது. ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் செக்கனில் வெளிவரும் மூச்சு, இருக்க வேண்டிய அளவில் 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், கடந்த மூன்று மாதத்துக்குள் கடுமையான முட்டு வந்திருந்தாலும் தொடங்குவதில்லை. ஈயோசினோபில் என்ற வெள்ளணு சேர்ந்து வரும் உணவுக்குழாய் அழற்சி உள்ளவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், அடங்காத தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகத் தொடங்குவதில்லை. எடுத்துக்கொண்டிருக்கையில் கர்ப்பமானால் வைத்தியரிடம் கேட்டுத்தான் தொடர வேண்டும். வயது எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்ததை இங்கே பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பிரஷருக்கோ நெஞ்சுப் படபடப்புக்கோ அற்றனலோல், புரோப்பிரனோலோல் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த பீற்றா தடுப்பு மருந்துகள் அட்ரினலினை உடம்பில் வேலை செய்ய விடாமல் தடுக்கும். குளிசை கோளாறு செய்தால் காப்பாற்ற இருப்பது அட்ரினலின் ஒன்றுதான். அதுவும் பலிக்காத உடம்பில் இந்த வைத்தியத்தைத் தொடங்குவது சரியில்லை. பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்துவதும் சரியில்லை. மாற்றுக் குளிசை இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கடல் உணவு ஊர் என்பதால் இன்னும் ஒன்று. இறாலிலும் நண்டிலும் உள்ள ட்ரொப்போமயோசின் என்ற புரதத்துக்கு நெருங்கிய உறவான புரதம் உண்ணியிலும் இருக்கிறது. இறால் சாப்பிட்டு உதடு வீங்கிய அனுபவம் இருந்தால் முதல் குளிசைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குளிசையின் ஜெலற்றின் மீனிலிருந்து எடுத்தது. மாட்டு, பன்றி ஜெலற்றின் பற்றிக் கேட்கும் கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்கு இது நல்ல செய்தி. சுத்த சைவக்காரர்களும் விரதம் பிடிப்பவர்களும் தெரிந்து முடிவெடுக்கட்டும். மீனுக்குக் கடும் அலர்ஜி உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

இனிப் பெட்டி. உள்ளே பத்துப் பத்துக் குளிசைகளாக அலுமினியத் தகட்டு அட்டைகள், மொத்தம் 30. பனடோல் அட்டை மாதிரிப் பின்னாலிருந்து பெருவிரலால் அமுக்கினால் குளிசை தூளாகிவிடும். இது இறுக்கி அடித்த குளிசை இல்லை. உறைய வைத்து உலர்த்திய பஞ்சு போன்ற சில்லு. துளையிட்ட கோட்டோடு ஒரு சதுரத்தைக் கிழித்து, குறியிட்ட மூலையை மடித்து, மேல் தகட்டை உரித்து, காய்ந்த விரலால் மெதுவாக எடுக்க வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் விரலிலேயே கரையத் தொடங்கிவிடும். மாரிக்கால வியர்வைக் கையை முதலில் துவாயில் துடையுங்கள். உடனே நாக்கின் கீழ் வையுங்கள். பத்துச் செக்கனுக்குள் கரைந்துவிடும். கரைந்த பிறகும் ஒரு நிமிடம் எச்சிலை விழுங்காமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் இல்லை. பிளேன்றீயைக் கையில் வைத்துக்கொண்டு குளிசையைப் போடுபவர்கள் இந்த ஒரு நிமிடத்தைத்தான் கெடுக்கிறார்கள். விழுங்கினால் மருந்து நாக்கடித் தோலில் ஊறாமல் வயிற்றுக்குப் போகிறது, பலன் குறைகிறது. கடைசியாகக் கையைக் கழுவுங்கள். விரலில் ஒட்டிய தூளோடு கண்ணைக் கசக்கினால் கண் வீங்கும்.

முதல் குளிசை வைத்தியருக்கு முன்னால்தான், அதன் பிறகு குறைந்தது 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். இந்த 30 நிமிடத்தைக் கொடுக்கும் இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று துணிந்து கேளுங்கள்: அட்ரினலின் அம்பியூல், ஒட்சிசன், நெபுலைசர், பிரஷர் பார்க்கும் கருவி, சேலைன் ஏற்றத் தெரிந்த ஆள். இவை இல்லாத மருந்துக்கடை வாங்கிலில் முதல் குளிசை வேண்டாம். தடிமன், காய்ச்சல், இழுப்பு இருக்கும் நாளிலும் வேண்டாம்; திகதியைத் தள்ளிப் போடுங்கள்.

அந்த அரை மணித்தியாலத்தில் பெரும்பாலானோருக்கு நடப்பது இது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் நாக்கின் அடியில் கடி, அதாவது அரிப்பு, தொடங்கும். பிறகு தொண்டை கரகரக்கும். காதுக்குள், விரல் எட்டாத ஆழத்தில், ஒரு கடி. உதடு கொஞ்சம் தடிக்கலாம். சில நிமிடத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். முதல் சில நாட்களில் தொடங்கும் இந்தக் கடி, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகக் குறைந்து போகும். காதுக் கடிக்குப் பயந்து மூன்றாம் நாளே பெட்டியை மூடி வைப்பவர்கள் பலர். அவர்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், தொடர்ந்திருப்பார்கள். தாங்க முடியாவிட்டால் வைத்தியர் செற்றிரிசின் போன்ற ஒன்றைச் சில காலத்துக்குச் சேர்த்துத் தருவார்.

குரல் அடைத்தல், தொண்டைக்குள் இறுக்கம், எச்சிலை விழுங்க முடியாமை, இழுப்பு, உடம்பு முழுக்கத் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி விழப் பார்த்தல், இவற்றில் ஒன்று வந்தாலும் அது கடி என்ற கணக்கில் சேராது. அட்ரினலின் வேண்டிய நேரம். பெரியவருக்கு ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் உள்ள அம்பியூலிலிருந்து 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குணம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சு முட்டினால் இருத்தி வையுங்கள்; எழும்பி நடக்க விடாதீர்கள். பிரிற்றன் ஊசியும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அதற்குப் பிறகுதான். பிரிற்றனைக் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கும் பழக்கத்தில்தான் நேரம் போய்விடுகிறது.

அமெரிக்காவில் இந்தக் குளிசையோடு தானாகக் குத்தும் அட்ரினலின் பேனாவையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பார்சலில் வருவது பெரும்பாலும் குளிசை மட்டும். பேனா இல்லாத வீடு, முதல் நாளுக்கு முன்பே ஒரு காரியம் செய்து வைக்கட்டும்: மாவட்டப் பொது வைத்தியசாலையா, கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றா, எது கிட்ட, இரவில் எந்த வாகனம் என்பதைத் தீர்மானித்து எழுதி ஒட்டுங்கள். 1990 அம்புலன்ஸுக்கு எடுத்தால் முதல் வசனத்திலேயே "அலர்ஜிக் குளிசை எடுத்தவர், மூச்சு அடைக்குது" என்று சொல்லுங்கள். வெருகல், குச்சவெளிப் பக்கம் தூரத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு கிழமையாவது பட்டணத்து உறவினர் வீட்டில் தங்கி எடுப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். குளிசையைக் காலையில் எடுங்கள், வீட்டில் இன்னொருவர் முழித்திருக்கும் நேரமாக. படுக்கப் போகும்போது வேண்டாம். எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓட்டம், பந்து விளையாட்டு வேண்டாம். நோன்பு காலத்தில் நோன்பு திறந்து, சாப்பாடு முடிந்து, வாயைக் கொப்பளித்த பிறகு எடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு எடுத்து ஈடுகட்ட வேண்டாம்.

இடையில் நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. பல்லுப் பிடுங்கினால், வாய்ப்புண் வந்தால், பிள்ளைக்குப் பால் பல்லு விழுந்தால், புண் ஆறும்வரை நிறுத்துங்கள். திறந்த புண் வழியாக மருந்து நேரே இரத்தத்துக்குப் போகும். முட்டுக்காரருக்குச் சளிக் காய்ச்சல் வந்தாலும் அது மாறும்வரை நிறுத்த வேண்டும். இடைவெளி ஏழு நாளுக்குள் என்றால் நீங்களே திரும்பத் தொடங்கலாம். ஏழைத் தாண்டினால் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகும் தொழிலாளர்களுக்கு இந்த விதி மிக முக்கியம். நடுக்கடலில் முதல் மாதக் குளிசையை எடுப்பதும் ஆபத்து, மூன்று கிழமை விட்டுவிட்டுக் கரைக்கு வந்து பழையபடி போடுவதும் ஆபத்து. சாப்பாடு நெஞ்சில் சிக்குவது, விடாத நெஞ்செரிவு தொடங்கினால் அதைக் காஸ் என்று தள்ளிவிடாமல் குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். அது உணவுக்குழாய் அழற்சியாக இருக்கலாம்.

வைக்கும் இடம்: அமெரிக்க லேபல் கேட்பது 20 முதல் 25 பாகை செல்சியஸ், எடுக்கும் நிமிடம் வரை சொந்தத் தகட்டுக்குள். நமது கச்சான் மதியத்தில் தகரக் கூரை வீட்டு அலுமாரியும், வெயிலில் நிறுத்திய ஆட்டோவின் டாஷ்போர்ட்டும் அதைவிட எவ்வளவோ கூட. வீட்டில் ஆகக் குளிர்ந்த, இருட்டான அறையின் கீழ்த் தட்டில் வையுங்கள். கிழமைக் குளிசைகளைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் இதைப் போடவே கூடாது. ஈரம் ஏறினால் ஒரு இரவிலேயே பிசினாகிவிடும். பிசினான குளிசையை எறிந்துவிடுங்கள்.

பலன் எவ்வளவு? 1,482 பேரை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட மூக்குத் தொல்லையும் மருந்துத் தேவையும் சேர்ந்த புள்ளி 17 வீதம் குறைந்தது. முட்டு உள்ள 834 பெரியவர்களிடம், உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்டைக் குறைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், நடுத்தர, கடுமையான முட்டு வரும் வாய்ப்பு 31 வீதம் குறைந்தது. பெரிய அதிசயம் இல்லை, உண்மையான பலன். 8 முதல் 14 கிழமைக்குள் தெரியத் தொடங்கும். ஸ்டீரொயிட் உள்ள மண்ணிறப் பம்பை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஒரு வருடத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதோடு நிறுத்துவதுதான் முறை. பலன் தந்தால் மூன்று வருடம், அதாவது 1,095 குளிசை, 37 பெட்டி. பார்சல் அனுப்புகிறவர் ஒரு பெட்டி அனுப்பினால் அது ஒரு மாதத்துக் காதுக் கடி மட்டும்தான். 37 பெட்டிக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். இங்கே வாங்குவதென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு உண்டா என்று மருந்துக்கடையில் கேளுங்கள்.

குளிசை எடுத்தாலும் மெத்தையை விடக் கூடாது. விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகைத் தண்ணீரில் துவையுங்கள். கச்சான் வெயிலில் மெத்தையை இரண்டு பக்கமும் காயப் போட்டால் உண்ணி சாகும். ஆனால் அலர்ஜி தருவது அதன் எச்சம். செத்த பிறகும் அது அங்கேதான் கிடக்கும். காய்ந்த பிறகு நன்றாகத் தட்டி உறிஞ்சி எடுங்கள், அலர்ஜிக்காரர் அல்ல, வேறொருவர். பன்பாயில் படுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஒலிவ மகரந்த அலர்ஜிக்கு ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஊசி போட்டுக்கொண்டு திருவிழாவுக்கு ஊர் வருபவர்களும் இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். ஒலிவ மரம் அங்கே ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை பூக்கும். மகரந்தம் காற்றில் பரவும். நமது வெரளிக்காயைச் சிலோன் ஒலிவ் என்று சொன்னாலும் அது வேறு குடும்பம், பயப்பட வேண்டாம். மல்லிகையும் பவளமல்லிகையும்தான் ஒலிவக் குடும்பத்துச் சொந்தங்கள். அவற்றின் மகரந்தம் பூச்சிகளால் போவதால் மூக்குக்கு வருவது குறைவு. ஒலிவ் எண்ணெயால் மகரந்த அலர்ஜி கிளம்பாது. ஒலிவ மகரந்தத்தின் முதன்மைப் புரதம் ஒலே ஈ 1. தென் ஸ்பெயினின் ஹாயென் போன்ற ஒலிவக் காட்டு மாவட்டங்களில் ஒலே ஈ 7, ஒலே ஈ 9 என்பவற்றுக்கும் அலர்ஜி உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு வருத்தமும் கடுமை, ஊசியின் பக்க விளைவும் கூட. அப்படிப்பட்டவர் விடுமுறையில் வந்து, தெரிந்த டிஸ்பென்சரியில் "ஒரு ஊசிதானே" என்று போட்டுக்கொள்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஊசியின் அளவைப் படிப்படியாகக் கூட்டி நிலைத்த அளவுக்கு வந்தவர்களுக்கு ஊசி இடைவெளி சாதாரணமாக நான்கு முதல் ஆறு கிழமை. பயணத்துக்கு முன் அங்கேயே போட்டுக்கொண்டு, திரும்பியதும் அடுத்ததைப் போட்டால் பெரும்பாலும் கணக்குச் சரியாக வரும். இடைவெளி நீண்டால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும், எவ்வளவு என்பது அந்த மருந்தின் அட்டவணையில் இருக்கும். கட்டாயம் இங்கே போட வேண்டும் என்றால், கடைசி ஊசியின் திகதி, அளவு, போத்தலின் செறிவு, முன்பு வந்த எதிர்வினை எழுதிய கடிதத்தோடு வைத்தியசாலையில், முன் சொன்ன 30 நிமிடத்தோடு. போத்தல் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கட்டுநாயக்காவிலிருந்து இரவில் வான் வண்டியில் வரும்போது ஐஸ் பக்கெற்றோடு போத்தலை ஒட்டி வைத்தால் அலுமினியம் சேர்ந்த மருந்து உறைந்து கட்டியாகிவிடும். இடையில் ஒரு துவாயைச் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்ததைக் குலுக்கிப் பழையபடி ஆக்க முடியாது.